நாலாம் பாரத்து மழை

அந்த வீட்டில் ஒரு வளையலுக்காகப் பசைச் சட்டி உடைந்தது. அந்த வளையல் அந்த வீட்டில் யார் கையிலும் இருந்ததில்லை. அது ஒரு நாவலில், கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவனுடைய அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. நாவலை எழுதியவர் நாலு தெரு தள்ளிச் சௌக்கியமாக இருந்தார். அதை பைண்டிங் செய்யவேண்டிய வீட்டில்தான் சட்டி உடைந்தது.

"திருடியைத் திருடின்னு சொன்னா உனக்கு ஏன் பொத்துக்கிட்டு வருது?" என்றாள் பெரியவள். அவள் பைண்டரின் மனைவி.

"அவ எடுத்தது அவளோட வளையலை. கல்யாணமான அன்னைக்கே மாமியாக்காரி கழட்டி வாங்கிப் பூட்டிக்கிட்டா," என்றாள் சின்னவள். அவள் பைண்டரின் தம்பி மனைவி.

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?"

"என்கிட்ட இருக்கற பக்கத்துல போட்டிருக்கு."

"என்கிட்ட இருக்கற பக்கத்துல போடலையே. பெட்டியைத் திறந்தா, எடுத்தா, இடுப்புல செருகினா. அவ்வளவுதான் இருக்கு. முட்டைக் கண்ணை உருட்டி இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை."

"முட்டைக் கண்ணுன்னு போட்டிருக்கா அக்கா?"

"போடணுமா? எனக்குத் தெரியாதா அவ கண்ணு எப்படி இருக்கும்னு?"

சட்டி இதற்கப்புறம்தான் விழுந்தது. தள்ளியது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி. பசை மொத்தமும் பைண்டரின் மடியில் கொட்டியது. அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் இரண்டு பேரில் ஒருத்தி, தனக்குப் பரிந்துகொண்டுதான் எழுந்தார் என்று எடுத்துக்கொள்வாள். மற்றவள் அதை மறக்கமாட்டாள். ஆகவே உட்கார்ந்தபடியே காய்ந்தார்.

அந்தப் பசை லேசுப்பட்டதில்லை. மைதாவில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டு, மரக்கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிற பதத்துக்குக் கிண்டியது. ஒரு தடவை ஈரம் காயாத அகராதியின்மேல் தெருப்பூனை ஒன்று படுத்துத் தூங்கிவிட்டது. அகராதியின் சொந்தக்காரரான வக்கீல் பூனையோடு சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போனார். அவர் வீட்டில் எலித் தொல்லை இருந்ததாம். இது நடந்ததா என்று கேட்பவர்கள் வக்கீலைக் கேட்கலாம். அவர் இப்போது இல்லை.

வேலை நடக்கிற முறையைச் சொன்னால்தான் சண்டை புரியும். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாளாக வந்து இறங்கும். ஒரு தாளில் இரண்டு புறமும் சேர்த்துப் பதினாறு பக்கம். அதை மடித்தால் ஒரு பாரம். பாரங்களை வரிசையாகச் சேர்த்து, தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டினால் புத்தகம். மடிப்பது பெண்கள் வேலை. ஒரு பாரத்தை எடுத்தால் அத்தனை பிரதிகளுக்கும் அதையே மடித்து முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். கை மாறினால் மடிப்பு மாறும், மடிப்பு மாறினால் புத்தகம் கோணும் என்பது பைண்டர் வைத்த சட்டம். நாவலின் முன்பகுதியைச் சின்னவளிடமும், நடுப்பகுதியைத் தன் தங்கையிடமும், பின்பகுதியைப் பெரியவளிடமும் கொடுத்திருந்தார்.

மடிக்கிறபோது கண் சும்மா இருக்குமா. ஒரே பக்கம் காலையிலிருந்து சாயங்காலம் வரை கண்ணெதிரே வந்து வந்து போனால் கல்லுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். ஆளுக்குக் கிடைத்தது அவரவர் பங்கு மட்டும்தான். பக்கத்துக் குவியலில் ஒரு தாளை உருவி, முன்னே என்ன நடந்தது பின்னே என்ன நடந்தது என்று பார்த்திருக்கலாம். ஆனால் சின்னவளிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்குவதைவிட, பெரியவள் அந்தப் பசையைக் குடித்திருப்பாள்.

சின்னவளுடைய பங்கில் நாலாம் பாரம் முக்கியமானது. கடிகாரக்காரன் அடைமழையில் பெண்டாட்டியை வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போடுகிறான். அவள் பக்கத்து வீட்டு வண்டிக்கு அடியில் புகுந்து நிற்கிறாள். சின்னவளுக்கு அவள் கழுத்து நீண்ட, எலும்பு தெரிகிற, ஒரு சொல் பேசாத பெண். கடிகாரக்காரனுக்கோ, சின்னவளைப் பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வைத்த வாத்தியாருடைய மூக்கு.

பெரியவளுடைய பங்கில் அதே பெண் வளையலை எடுக்கிறாள், வீட்டை விட்டுப் போகிறாள், கடைசிப் பக்கத்தில் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். உள்ளே போனாளா என்று எழுத்தாளர் சொல்லவில்லை. பெரியவளுக்கு அவள் குட்டையாக, கன்னம் உப்பி, அடுத்தவர் வீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிற சாடையில் இருந்தாள். அந்தச் சாடை வீட்டில் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அவள் மூலையில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து நடுப்பகுதியை மடித்துக்கொண்டிருந்தாள்.

பைண்டரின் தம்பிக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். தைக்கிறவர். தைக்கிறபோது ஒவ்வொரு பாரத்தையும் நடுவில் விரித்து நூல் ஓட்டவேண்டும் என்பதால், அவர் கண்ணில் பட்டது நடுப்பக்கம் மட்டும். அவரைக் கேட்டால் அந்த நாவலின் கதாநாயகன் ஒரு ஆடு. பக்கத்து வீட்டு ஆடு. நடுப்பக்கமாகப் பார்த்து வந்து போயிருந்தது. அதற்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

பைண்டர் எதையும் படிக்கமாட்டார். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் படித்துக்கொண்டே தைத்து, ஒரு சமையல் புத்தகத்துக்குள் நாலு பக்கம் விஷமுறிவு வைத்தியத்தைச் சேர்த்துவிட்டார். வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, சிலர் நன்றிகூடச் சொன்னார்கள் என்றாலும் பைண்டர் அதிலிருந்து எழுத்துப் பக்கம் போவதில்லை. கனத்தைப் பார்ப்பார், சந்தேகம் வந்தால் மட்டும் பக்க எண்ணைப் பார்ப்பார். ஒரு பாரம் குறைந்தால் உள்ளங்கை அரிக்கும். அந்த அரிப்பு அதுவரை ஒரு தடவையும் பொய்த்ததில்லை.

மழைக்காலம் பிடித்த அன்றுதான் தங்கை வந்து சேர்ந்தாள். கையில் ஒரு பை, தலையில் போர்த்திய மாவுச் சாக்கு. அவள் புருஷன் மாவு மில் வைத்திருக்கிறவர். "இருக்கலாமா அண்ணே?" என்று கேட்டாள். "இரு," என்றார் பைண்டர். அவ்வளவுதான் பேச்சு. ஏன் வந்தாள் என்று அவளும் சொல்லவில்லை. சாக்கை உதறிக் காயப்போட்டு, நாலாக மடித்து, அட்டைகள் அடுக்கிய அறையின் மூலையில் போட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம்.

சொல்லாததை மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வாய்த்துடுக்கு, மாமியார் விரட்டிவிட்டாள் என்றாள் பெரியவள். அடித்திருப்பான் என்றாள் சின்னவள். அங்கே சாப்பாடு சரியில்லையோ என்னவோ என்றார் ஊசி.

மில்காரரிடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்: மழை விட்டதும் வருவார். கூடக் கிளம்பினால் சரி. இல்லையென்றால் அதற்கப்புறம் அந்த வாசல் அவளுக்கு இல்லை. மச்சான் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

ஒரு வார்த்தை. அந்த வார்த்தையின் கனம்தான் பைண்டருக்குப் பிடிபடவில்லை. போ என்றால் தங்கை போய்விடுவாள். எதற்குள் போகிறாள் என்று தெரியாது. இரு என்றால் வீடு இரண்டாகும், அடுப்பும் இரண்டாகும். பெரியவள் அதைப் பாத்திரம் கழுவுகிற சத்தத்திலேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேராக யாரும் பேசவில்லை. எல்லாம் அந்த நாவலை வைத்துத்தான்.

"புருஷன் வீட்டை விட்டு வந்தவ, வந்த இடத்துல எத்தனை நாள்தான் குந்துவா?" என்பாள் பெரியவள், தாளைக் கட்டையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே. "கடைசிப் பக்கத்துல வாசல்ல வந்து நிக்கறா. வேற எங்க போவா. உள்ளேதான் போயிருப்பா."

"செருப்பை விட்டான்னு போட்டிருக்கா அக்கா?"

"இல்லை."

"அப்ப போகலை. செருப்பை விடாம யாரு உள்ள போவா?"

"நீ போவ. போன வாரம்கூடச் சேறோட அடுப்படி வரைக்கும் வந்தியே."

இந்த இடத்தில் தங்கை வாய் திறந்தாள். "அவன் நல்லவன் அண்ணி," என்றாள்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்குக் காய்ச்சல் வருது. கடையைப் பூட்டிட்டு வந்து வெந்நீர்ல துணி நனைச்சு அவ காலைத் துடைக்கிறான். கடிகாரச் சத்தம் அவளுக்குத் தலைவலின்னு வீட்டுல இருக்கற அத்தனை கடிகாரத்தையும் நிறுத்தி வைக்கிறான். ஏழாம் பாரம் பூரா அதான்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். "அவன் விரல்ல எண்ணெய்க் கறை இருக்கும். துடைச்சுட்டுதான் தொடுவான்."

"யாரு, அந்தப் பாவியா?" என்றாள் சின்னவள். "உங்க ஆளு வேற யாரோ. என் ஆளு அப்படிச் செய்யமாட்டான்."

பைண்டர் ஓரம் வெட்டுகிற கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். தங்கை மூலையிலிருந்த பையை எடுத்துத் துடைத்து, அறுந்த காதைத் தைத்து வைத்ததை இரண்டு நாளைக்கு முன்னால் பார்த்திருந்தார். அவள் போவதற்கு மனதைத் தயார் செய்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அது நல்லதா கெட்டதா என்று படவில்லை.

மழையோ மனிதர்களை ஒருவர்மேல் ஒருவர் அடுக்கி வைத்திருந்தது. வெளியே கால் வைக்க முடியாது. சுவர் வியர்த்தது. கஞ்சியும் பசையும் ஒரே அடுப்பில் மாறி மாறி ஏறியதில், ஒரு நாள் ஊசி எதைக் குடித்தார் என்று தெரியாமல் அன்று முழுக்கப் பேச்சில்லாமல் இருந்தார். அலமாரியில் இருந்த சட்டப் புத்தகங்கள் ஈரத்தில் உப்பி, கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்து விழுந்தன. காகிதம் அப்படி ஊதியிருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். பைண்டரின் உள்ளங்கை ஏமாந்தது இதனால்தான்.

பாரம் சேர்க்கிற வேலை வந்தது. நீள மேசையில் பாரங்களை வரிசையாகக் குவித்து, ஒருத்தி மேசையைச் சுற்றி நடந்துகொண்டே குவியலுக்கு ஒன்றாக எடுத்து அடுக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு புத்தகம். மூன்று பெண்களும் நாள் முறை வைத்துக்கொண்டு நடந்தார்கள், ஒருத்தி நடக்கிற நாளில் மற்ற இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டைக்குத் துணி வெட்டினார்கள். ஊசி கைக்கு வந்ததைத் தைத்தார். பைண்டர் ஒட்டினார், அழுத்தினார், வெட்டினார். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் வாங்கிக் கனம் பார்த்தார். அரிக்கவில்லை. கட்டுகள் அச்சகத்துக்குப் போயின, கடைகளுக்குப் போயின. ஊசி மட்டும் யாரையும் கேட்காமல் ஒரு பிரதியை எடுத்து, மாவு வண்டிக்காரனிடம் மில்லுக்குக் கொடுத்தனுப்பினார். படித்தால் மாப்பிள்ளைக்கு மனசு இளகும் என்பது அவர் கணக்கு. ஆட்டைப் பார்த்து இளகாதவர்கள் உண்டா.

கட்டுகள் போன பிறகு வீட்டைப் பெருக்கினபோதுதான் பைண்டர் கண்டுபிடித்தார். தங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு குவியல். அத்தனையும் நாலாம் பாரம். தம்பி அறையில் பாய்க்கு அடியில் ஒரு குவியல். அத்தனையும் ஏழாம் பாரம். அட்டை அறை மூலையில், சாக்குக்கு அடியில் ஒரு குவியல். வளையல் வருகிற பாரம். தங்கை நாளுக்கு நாள் உயரமாக உட்கார்ந்திருந்ததை அவர் கவனிக்காமல் போயிருந்தார்.

மூன்று பேரையும் நிற்க வைத்துக் கேட்டார். ஒருத்தியும் தலை குனியவில்லை.

"மழையில நின்னான்னு வந்தா படிக்கறவங்க எல்லாம் அவளுக்கு வக்காலத்து வாங்குவாங்க," என்றாள் பெரியவள். "அப்புறம் திருட்டு திருட்டா தெரியுமா? அதான் நான் நடந்த அன்னைக்கெல்லாம் நாலாம் பாரத்தை விட்டுட்டேன். படிச்சுக்கூடப் பார்க்கலை. இந்த அம்மா வாயாலேயே கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு."

"கதவைச் சாத்தினவன் காலைத் துடைப்பானாம்," என்றாள் சின்னவள். "எழுத்தாளரு ஏதோ தூக்கக் கலக்கத்துல எழுதிட்டாரு. நான் திருத்தினேன். வேற என்ன?"

தங்கை மெதுவாகத்தான் சொன்னாள். "அவ எடுத்திருக்கமாட்டா அண்ணே. காய்ச்சல்ல கிடக்கறப்ப நான் கூடவே இருந்தேனே."

ஆக, ஊர் முழுக்க அந்த நாவல் மூன்று தினுசாகப் போயிருந்தது. முழுசாக ஒரு பிரதிகூட உலகத்தில் இல்லை. பைண்டர் கீழே உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு பக்கம் தலைகீழாகப் போனதில்லை அவர் கையில். எழுத்தாளர் வந்து காறித் துப்பப் போகிறார் என்று எதிர்பார்த்து, முகத்தைக் கழுவிக்கொண்டு காத்திருந்தார்.

எழுத்தாளர் வந்தார். குடையை மடக்கி மூலையில் வைத்தார். "பைண்டரே, பிரமாதம்," என்றார்.

பைண்டர் அசையவில்லை. இதற்கு அடுத்துத்தான் துப்புவார்கள்.

"ஒருத்தர் வந்து அவளைத் தெய்வம்ங்கறார். இன்னொருத்தர் அவ திருடி, அவளுக்கு ஏன் இப்படிப் பரிஞ்சு எழுதினீங்கன்னு சண்டைக்கு வர்றார். ஒருத்தர் புருஷன் ராட்சசன்ங்கறார், ஒருத்தர் அவனை நினைச்சு அழுதேன்ங்கறார். ஒருத்தரு படிச்சது இன்னொருத்தரு படிச்சதோட ஒட்டவே இல்லை."

"அது வந்து சார்..." என்றார் பைண்டர்.

"எப்பவும் இப்படித்தான். போன புத்தகத்துக்கும் இதேதான். நான் எழுதினதை இதுவரைக்கும் ஒருத்தன் படிச்சதில்லை." எழுத்தாளர் சிரித்தார். "நானே நேத்து ஒரு பிரதியை எடுத்துப் படிச்சேன். கையெழுத்துல இருந்ததைவிட இறுக்கமா இருக்கு. அச்சுல ஏறினா எழுத்துக்கு ஒரு கச்சிதம் வந்துடுது பாருங்க."

பைண்டர் வாயை மூடிக்கொண்டார். குறைந்த பாரத்தைப் பற்றி எழுத்தாளரிடம் சொல்ல அதற்கப்புறம் அவருக்குத் தோன்றவேயில்லை.

சின்னவளால்தான் பொறுக்க முடியவில்லை. "சார், அவ உயரமா ஒல்லியாத்தானே இருப்பா?"

"அவ எப்படி இருப்பான்னு நான் எங்கேயும் எழுதலையேம்மா."

"எழுதியிருக்கீங்க."

"இல்லை. வேணும்னுதான் விட்டேன்."

"குட்டைதானே சார்?" என்றாள் பெரியவள்.

"எழுதலைன்னு சொல்றேனே."

"சரி விடுங்க. உங்களுக்குத் தெரியலை," என்றாள் பெரியவள்.

எழுத்தாளர் கொஞ்சம் முகம் மாறித்தான் போனார். குடையை மறந்துவிட்டுப் போனார். மழை விட்டிருந்தது.

மழை விட்டால் மில்காரர் வரவேண்டுமே. வந்தார். தோளில் ஒரு மூட்டை மைதா. மச்சான் வீட்டுக்கு மரியாதை. இருக்கிற ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். பெரியவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள், சர்க்கரை தூக்கலாக. சின்னவள் வாசற்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். தங்கை அட்டை அறையின் நிலைப்படிக்கு வந்து நின்றாள். கையில் பை இருந்தது. பைண்டர் அதைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

மில்காரர் இடுப்பிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டார். "படிச்சேன் மச்சான். சின்ன மச்சான் எதுக்கு அனுப்பிச்சாருன்னு புரிஞ்சுது."

"அந்த ஆடு..." என்று ஆரம்பித்தார் ஊசி.

"எந்த ஆடு?"

ஊசி அவரைப் பார்த்த பார்வையில் அத்துடன் உறவு முறிந்துபோயிருந்தது.

"அந்தக் கடிகாரக்காரன் சுத்தக் கேணையன் மச்சான். பொண்டாட்டிக்குக் காய்ச்சல்னா எவனாவது கடையைப் பூட்டுவானா? உட்கார்ந்து காலைத் துடைக்கிறானாம், வெந்நீர் வச்சு. படிக்கப் படிக்க எனக்குக் கூசிப்போச்சு. அந்த இடம் கொடுக்கப்போய்த்தான் அவ வளையலை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டினா."

"அதைத்தான் நானும் தலைபாடா அடிச்சுக்கிறேன்," என்றாள் பெரியவள். "கேட்டா இங்க எல்லாரும் சண்டைக்கு வர்றாங்க."

தங்கையின் கையிலிருந்த பை தரைக்கு வந்தது. சத்தமில்லாமல்தான் வைத்தாள்.

"அவன் ஆம்பளையா செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் மில்காரர். டீயை ஒரு மடக்குக் குடித்தார். "மழையில வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டான் பாருங்க. அது சரி. அதை இன்னும் நாலு தடவை செஞ்சிருந்தா அவ ஒழுங்கா இருந்திருப்பா."

"ஒழுங்கா?" என்றாள் சின்னவள்.

"கோவிச்சுக்காதம்மா. அடிச்சானா? உதைச்சானா? கதவைச் சாத்தினான், அவ்வளவுதானே. அவ என்ன கரைஞ்சா போயிட்டா? வெளியில கிடந்த சாக்கை எடுத்துப் போர்த்திக்கிட்டு சுவரோரமா குந்திக்கிட்டாளே. திறங்கன்னு ஒரு வார்த்தை கேட்டாளா? அந்தத் திமிரைப் பாரு. அவன் ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டுதான் இருந்தான். கேட்டிருந்தா திறந்திருப்பான்."

"சாக்கா?" என்றாள் சின்னவள். "சாக்கு எங்க வருது? அவ பக்கத்து வீட்டு வண்டிக்கு அடியில நின்னா. ஜன்னலும் கிடையாது. அந்த வீட்டுக்கு ஜன்னலே இல்லைன்னு முதல் பாரத்துலயே போட்டிருக்கு. வேணும்னா ஒப்பிக்கிறேன், கேளுங்க."

"சாக்குன்னுதாம்மா இருக்கு. நான் படிச்சேன்ல?"

பைண்டர் மேசைமேல் கிடந்த புத்தகத்தை எடுத்தார். மழை விட்டு வெயில் பட்டதில் காகிதம் தன் பழைய கனத்துக்குத் திரும்பியிருந்தது. எடுத்த மாத்திரத்தில் உள்ளங்கை அரித்தது. விரலால் பக்கங்களைச் சரித்துக்கொண்டே வந்தார். எழுத்தைப் பார்க்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்தார். நாற்பத்தெட்டு. அதற்கு எதிர்ப் பக்கம் அறுபத்தைந்து.

புத்தகத்தை விரித்தபடியே பெரியவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது நான் சேர்த்தது," என்றாள். பிறகு மில்காரரைப் பார்த்தாள். "இந்தப் புத்தகத்துல மழையே கிடையாதுங்க. நான்தான் எடுத்துட்டேன். கட்டிலுக்கு அடியில கிடக்கு. நீங்க எங்க படிச்சீங்க?"

மில்காரர் சிரிக்கப் பார்த்தார். "கதைன்னா ஒரு மழை இருக்கத்தானே செய்யும். ஏதோ படிச்ச ஞாபகம்."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நிலைப்படிக்குப் பின்னால், அட்டை அறையின் மூலையில், நாலாக மடித்துப் போட்டிருந்த மாவுச் சாக்கைப் பார்த்தார்கள். ஊசிகூட அதைத்தான் பார்த்தார், அதுவும் ஓரம் நடு என்றில்லாமல் முழுசாக. வந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடந்தது. நாள் முழுக்க அதைத் தாண்டித் தாண்டித்தான் எல்லோரும் நடந்திருந்தார்கள்.

பெரியவள் போய், மில்காரர் கையிலிருந்த டம்ளரைப் பாதி டீயோடு வாங்கிக்கொண்டாள்.

"என்ன மச்சான் இது?" என்று எழுந்தார் மில்காரர். "ஒரு பொய்ப் புத்தகத்தைக் கொடுத்து ஆளை மடக்கறீங்களா?"

"தப்பு எங்க பேர்லதான் மாப்பிள்ளை," என்றார் பைண்டர். அவர் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. பசைப் பதம் சொல்கிற குரல். "பதினாறு பக்கம் குறையற புத்தகத்தை அனுப்பிட்டோம். அனுப்பியிருக்கக் கூடாது. நீங்க குறைஞ்சதை உங்க கையிலேருந்து போட்டுப் படிச்சிருக்கீங்க. பொய்னு சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்லை. தங்கச்சி இங்கதான் இருக்கும்."

"யோசிச்சுப் பேசுங்க. அப்புறம் என் வாசல்..."

"அந்த வாசலைத்தான் இப்ப நீங்களே படிச்சுக் காட்டிட்டீங்களே," என்றாள் சின்னவள். "ஜன்னலோட."

மில்காரர் மைதா மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறோமே என்று கூச்சப்படுகிற ஆள் இல்லை அவர். படியிறங்கப் போனவர் நின்றார். மழைக்காலம் இன்னும் முடிந்திருக்கவில்லை போலிருக்கிறது. தெருவில் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்திருந்தது. மூலையில் எழுத்தாளரின் குடை இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தங்கை உள்ளே போய்ச் சாக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு தடவை உதறினாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் சத்தம் வர ஒரு காரியம் செய்தது அதுதான். அவரிடம் நீட்டினாள்.

"மழை வருது," என்றாள். "போர்த்திக்கிட்டுப் போங்க."

அவர் வாங்கவில்லை. அவளும் கையை மடக்கவில்லை. கடைசியில் மழைதான் முடிவு செய்தது. பிடுங்கித் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். மாவு நனைந்து, தெருக்கோடிக்குப் போவதற்குள் தோளிலேயே பசையாகி, மனிதர் மூட்டையோடு ஒட்டிக்கொண்டுவிட்டார் என்று ஊசி சொன்னார். ஊசி பார்த்தது நடுவில் கொஞ்சம்தான். முன்னும் பின்னும் தெரியாது.

பெரியவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். திரும்பி, வெறும் தரையில் நின்றுகொண்டிருந்த நாத்தனாரை ஒரு முறை முறைத்தாள்.

"சிலை மாதிரி நின்னா வேலை யாரு செய்யறது? புதுத் தாள் வந்து கிடக்கு. உட்காரு."

தங்கை மூலையைப் பார்த்தாள். அங்கே வளையல் பாரத்தின் குவியல் மட்டும் மொட்டையாக இருந்தது. பெரியவள் தான் உட்கார்கிற பலகையைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். தள்ளிய வேகத்தைப் பார்த்தால் கொடுத்தது மாதிரி இல்லை, எறிந்தது மாதிரிதான் இருந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள், குனிந்து தாளை எடுத்துக்கொண்டே. "வளையலை எடுத்தது திருட்டுதான். அதுல மாத்தமில்லை."

"எடுக்கலை அண்ணி," என்றாள் தங்கை, பலகையில் உட்கார்ந்து.

"அவளோட வளையல்," என்றாள் சின்னவள்.

பைண்டர் புதுப் பசைச் சட்டியை எடுத்துத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.